சுவிட்ச் இல்லாத விளக்கு

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி மாலை, மேலணைக்குப் போகும் மண்பாதையின் ஏழாவது வளைவில் ஒரு ஜீப் விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தது. ஓட்டியவரும், அணையில் வேலை முடித்து அவருடன் இறங்கி வந்த இருவரும் இறந்தார்கள். கீழிருந்து ஆட்கள் ஏறிப் போனபோது வானம் தெளிவாக இருந்தது. ஜீப்பின் முன்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கூரைமேல் மாட்டியிருந்த கூடுதல் விளக்கின் சுவிட்ச் அணைந்த நிலையில் இருந்தது.

சுவிட்சைப் பார்த்துச் சொன்னவர் வயரிங்காரர். அந்த விளக்கை மாட்டியதும் அவர்தான். நசுங்கிய வண்டியைக் கிரேனில் தூக்கி வந்து அடிவாரத்தில் போட்டபோது, விளக்கு ஏன் எரியவில்லை என்று பார்க்கக் கூப்பிட்டார்கள். வயர் அறுந்திருக்கவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. சுவிட்சை அழுத்தியதும் பல்ப் எரிந்தது. அவர் உடனே அணைத்துவிட்டார்.

இறந்த ஓட்டுநரை எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பாதையில் ஓட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஏற்றத்தில் கூடுதல் விளக்கு எரிந்தால் இன்ஜின் இழுக்காது என்று சொல்லி அணைத்துவிடுவார்கள். இழுவைக்கும் விளக்குக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது என்று வயரிங்காரர் பலமுறை சொல்லியிருக்கிறார். யாரும் கேட்டதில்லை. மீசையும் ஏறும்போது அணைத்திருப்பார், இறங்கும்போது போட மறந்திருப்பார் என்று பேச்சாகிவிட்டது. சாவு வீட்டு வாசலிலேயே அதைப் பேசினார்கள். வயரிங்காரரின் மனைவியும் பேசினாள். உள்ளே இருந்து மீசையின் மனைவி எழுந்து வந்து, "அவரு எதையும் மறக்குற ஆளு இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

அதே மாதக் கடைசியில், அணை ஆட்களுக்கு வண்டி விடும் ஒப்பந்தக்காரர் அந்தத் தடத்துக்கு வேறு ஜீப்பும் வேறு ஓட்டுநரும் போட்டார். ஓட்டுநர், வயரிங்காரருடைய மனைவியின் தம்பி.

வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். அம்மா அப்பா போன பிறகு அவனை அக்காதான் வளர்த்தாள். அவனுக்குப் பால்பல் விழுந்ததும் புதுப்பல் முளைத்ததும் அவள் மடியில்தான். அவளுக்குக் கல்யாணம் ஆனபோது துணிப்பெட்டியோடு அவனும் வந்தான். வயரிங்காரர் அதை ஒருநாளும் பாரமாக நினைத்ததில்லை. பட்டறையின் ஒரு பாதியில் அவர் வயரிங் வேலை பார்த்தார். மறுபாதியில் அவள் தையல் மிஷின் போட்டு, வண்டிகளுக்கு சீட் உறையும் தார்ப்பாய்க் கூரையும் தைத்தாள். பட்டறைக்குப் பின்னால் சமையலறை, மாடியில் ஒற்றை அறை. அந்த அறை சின்னவனுடையது.

"வேற ஆளே கிடைக்கலியா உன் முதலாளிக்கு?" என்று அக்கா கேட்டாள். சின்னவன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"ஆளு இருக்காங்க. அந்தப் பாதை தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான்."

"மீசைக்குத் தெரியாத பாதையா அது?"

வயரிங்காரர் முட்டையை இரண்டாக வெட்டிப் பெரிய பாதியை அவன் தட்டில் வைத்தார்.

"நீங்க என்னங்க வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? அவன் சின்னப் புள்ளையா?"

"எனக்குச் சின்னப் புள்ளதான்."

"அக்கா, நல்ல லைட்டா ஒண்ணு மாமா போட்டுக் கொடுத்துருவாரு. ராத்திரி பகலாயிடும். நீ சும்மா பயந்து என்னையும் பயமுறுத்தாத." சொல்லிவிட்டு அவன் சிரித்தான். முட்டையை அவன் தொடவே இல்லை என்பதை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை வயரிங்காரரும் பார்த்தார்.

அன்றிலிருந்து அவள் தூங்கவில்லை. நடு இரவில் வயரிங்காரர் விழித்துப் பார்த்தால் படுக்கையில் உட்கார்ந்திருப்பாள். கேட்டால் புழுக்கம் என்பாள். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். தைக்கும்போது கவனம் சிதறி, ஒரு சீட் உறையின் ஓரத்தை உள்பக்கம் வெளியே வரத் தைத்துவிட்டாள். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு தவறு அவளுக்கு நடந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் பட்டறைக்கு வந்தது. பழைய வண்டி, நல்ல இன்ஜின். கூரைக்கு மேலே இரும்புச் சட்டம் இருந்தது. அட்டைப் பெட்டியிலிருந்து எல்இடி பட்டையை எடுத்து வெளியே வைத்ததும் எதிர்ப்பக்கத்துப் பஞ்சர் கடைக்காரன் டயரைப் போட்டுவிட்டு வந்துவிட்டான். கூரையின் அகலம் முழுக்க நீளும் பட்டை, இரண்டு வரிசையாகக் கண்கள்.

"அண்ணே, இது லைட்டா, இல்ல கிரிக்கெட் மைதானத்துல இருந்து பேத்துட்டு வந்தீங்களா?"

"நீ போய் உன் டயரைப் பாரு."

"டயரு எங்கயும் ஓடாது, காத்து இல்ல. அண்ணி, இதைப் போட்டா மேல இருக்குற மாடெல்லாம் விடிஞ்சிடுச்சுன்னு எந்திரிச்சு நிக்கும்."

அக்கா சிரிக்கவில்லை. அவள் பட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வயரிங்காரர் வேலையைத் தன் வழக்கப்படி செய்தார். சட்டத்தில் இரண்டு துளை போட்டு, போல்ட்டுக்கு அடியில் ரப்பர் வைத்து, அதிர்வில் கழலாத நட்டைப் போட்டு முறுக்கினார். எர்த் வயர் வரும் இடத்தில் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து வெறும் இரும்பு தெரிய வைத்தார். பேட்டரியிலிருந்து தடித்த வயரை எடுத்து ரிலே வழியாகக் கூரைக்குக் கொண்டுபோனார். ரிலே என்பது தீப்பெட்டி அளவுள்ள ஒரு பெட்டி. மெல்லிய நீல வயரில் கொஞ்சம் மின்சாரம் வந்தால், அது தடித்த வயரில் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும். அந்த நீல வயரின் மறுமுனையை டேஷ்போர்டு சுவிட்சுக்குத்தான் கொண்டுபோவார்கள். அவர் துளை போடும் மிஷினைக் கையில் எடுத்தபோது அவள் வந்து அருகில் நின்றாள்.

"ஏங்க. சுவிட்ச் வேண்டாம்."

"என்னது?"

"ஹெட்லைட் போட்டா இதுவும் தானா எரியணும். அணைக்கவே முடியக்கூடாது. அந்த மாதிரி போடுங்க."

"அப்படியெல்லாம் போடுறதில்ல."

"போட முடியாதா, போடுறதில்லையா?"

அவர் மிஷினைக் கீழே வைத்தார். "முடியும். ஆனா வண்டி ஓட்டுறவன் கையில ஒரு சுவிட்ச் இருக்கணும். எதுக்க வர்றவன் கண்ணு கூசுச்சுன்னா?"

"எதுக்க யாரு வர்றா? மேல போற வண்டி ஒண்ணு, கீழ வர்ற வண்டி ஒண்ணு. ரெண்டும் அதே வண்டி."

"மேகம் இறங்குச்சுன்னா?"

"மேகம் குளிர்காலத்துல இறங்கும். அப்ப பாத்துக்கலாம். அந்த மனுசன் சுவிட்ச் இருந்ததாலதான செத்தாரு. நீங்கதான வந்து சொன்னீங்க? லைட்டு நல்லாருந்துச்சு, சுவிட்சுதான் அணைஞ்சிருந்துச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர்தான் சொன்னார்.

"சின்னவனும் ஏத்தத்துல அணைப்பான். எனக்குத் தெரியும். இந்தப் பயலுவ எல்லாருக்கும் ஒரே புத்திதான். ஃபியூஸைக்கூடப் புடுங்கிப் போட்டுட்டுப் போவான். அதையும் கைக்கு எட்டாத இடத்துல வைங்க."

வயரிங்காரர் நீல வயரை முன்விளக்குகளுக்குப் போகும் வயரோடு இணைத்தார். ஈயத்தால் பற்றவைத்து, மேலே சுருங்கும் உறை போட்டு, லைட்டரால் சூடு காட்டி இறுக்கினார். ஃபியூஸைப் பேட்டரித் தட்டுக்கு அடியில் வைத்து டேப்பால் சுற்றினார். பேட்டரியைக் கழற்றாமல் அதை யாரும் தொட முடியாது. வேலை சுத்தமாக இருந்தது. ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் பானெட்டை மூடாமல் நின்றார்.

சின்னவன் வந்து உட்கார்ந்து முன்விளக்கைப் போட்டான். பட்டறையின் பின்சுவர் வெள்ளையாகிவிட்டது. சுவரில் இருந்த ஒவ்வொரு ஆணியும் நிழலோடு தெரிந்தது. பஞ்சர் கடைக்காரன் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "ஐயோ, என் எக்ஸ்ரே தெரியுதா பாருங்க" என்றான்.

"சுவிட்ச் எங்க மாமா?"

"இல்ல மாப்ள. தானா எரியும்."

"அணைக்கணும்னா?"

வயரிங்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் சொன்னாள்: "எதுக்கு அணைக்கணும்?"

"சரி, அக்காவோட உத்தரவு" என்று சின்னவன் சிரித்தான். அன்று அவன் முகத்தில் பயம் இல்லை. அதைப் பார்த்து அவளுக்கும் கொஞ்சம் தெளிவு வந்தது. இரவு அவள் தூங்கினாள்.

அடுத்த சில நாட்கள் நன்றாகப் போயின. மாலை நாலு மணிக்கு மதகு ஆட்களை ஏற்றிக்கொண்டு சின்னவன் மேலே போவான். முந்தைய ஆட்களை ஏற்றிக்கொண்டு இருட்டும் நேரத்தில் இறங்குவான். பட்டறை வாசலில் நின்றால் மலையின் இந்தப் பக்கம் முழுவதும் தெரியும். வளைவுகள் கீழிருந்து எண்ணப்படுவதால் பன்னிரண்டாவதுதான் உச்சி. அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி எழும்பும். பதினொன்றில் மறைந்து பத்தில் வரும். அக்கா துணியை மடித்துக்கொண்டே எண்ணுவாள். ஏழைத் தாண்டியதும் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைப்பாள். மூன்றாவது வளைவுக்கு மேலே போன் எடுக்காது. அதனால் அந்தப் புள்ளிதான் அவளுக்குச் செய்தி.

புதன்கிழமை பகல் முழுக்க மழை. நாலு மணிக்கு விட்டது. ஜீப் போன பிறகு காற்று நின்றுபோனது. மழைக்குப் பிறகு வரும் குளிர் வராமல், ஈரத்துணியை முகத்தில் போட்டதுபோல் இருந்தது. வயரிங்காரர் ஒரு லாரியின் பின்விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மலையின் தலை இல்லை. உச்சியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று மெதுவாக வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்து வெளியே வந்தார். ஸ்க்ரூடிரைவர் கையிலேயே இருந்தது.

"என்னங்க?" என்று அவள் மிஷினை நிறுத்தினாள்.

"மேலணைக்குப் போன் போடு."

மதகு அறையில் தொலைபேசி இருந்தது. வெகுநேரம் மணி அடித்த பிறகு ஒருவர் எடுத்தார். "இப்பத்தாம்மா கிளம்பினாங்க. பத்து நிமிசம் இருக்கும். இங்க ஒண்ணும் தெரியல, ஜன்னலுக்கு வெளிய சுவர் எழுப்பின மாதிரி இருக்கு. இருந்துட்டுப் போப்பான்னு சொன்னேன். லைட்டுதான் இருக்கேன்னு போயிட்டான்."

அவள் போனை வைத்தாள். சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள், கடைசி வாக்கியம் வரை.

"என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

வயரிங்காரருக்குத் தெரியும். கூரையிலிருந்து அடிக்கும் வெளிச்சம் ஓட்டுகிறவன் கண்ணுக்கு நேர் முன்னால் மேகத்தில் பட்டுத் திரும்பும். வெளிச்சம் கூடக்கூடப் பார்வை குறையும். பானெட்டின் நுனிகூடத் தெரியாது. மேகத்தில் ஓட்ட வேண்டும் என்றால் மேல்விளக்கை அணைத்து, தாழ்ந்த வெளிச்சத்தில் தரையைப் பார்த்துப் போக வேண்டும். அவன் முன்விளக்கை அணைத்தால் எல்லாம் அணையும். போட்டால் எல்லாம் எரியும். நடுவில் ஒன்றும் இல்லை. அந்த நடுவை அவர் தன் கையாலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க."

"அவனுக்கு முன்னாடி வெள்ளையா இருக்கும்" என்றார். "வெறும் வெள்ளை."

இருவரும் வாசலில் நின்றார்கள். பஞ்சர் கடைக்காரன் வந்து பக்கத்தில் நின்றான். மலை இருட்டிக்கொண்டு வந்தது. புள்ளி வரவில்லை. அதற்குப் பதிலாக, பத்தாவது வளைவு இருக்க வேண்டிய இடத்தில் மேகத்துக்குள் ஒரு மங்கலான உருண்டை தெரிந்தது. மருத்துவமனைத் தாழ்வாரத்துக் கண்ணாடிக்குள் எரியும் பல்ப் போல. அது அசைகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியவில்லை. பிறகு அது கொஞ்சம் தாழ்ந்திருப்பது தெரிந்தது.

"வர்றான்" என்றான் பஞ்சர் கடைக்காரன். "மெதுவா வர்றான், அண்ணி. விவரமான பையன்."

"ஒம்போது" என்றாள் அவள். பிறகு வெகுநேரம் கழித்து, "எட்டு."

உருண்டை நின்றது. அணைந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது. எரிந்தது.

"அணைச்சுப் பாக்குறான்" என்றார் வயரிங்காரர். "ரெண்டுலயும் தெரியல அவனுக்கு."

உருண்டை இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஏழாவது வளைவு. அங்கே அது அசையாமல் நின்றது. பிறகு போய்விட்டது. இம்முறை திரும்பி வரவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள். மலை முழுக்க ஒரே கறுப்பாக இருந்தது.

அவள் அழவில்லை. உள்ளே போனாள். வெளியே வந்தபோது கையில் அவருடைய கட்டிங் பிளேயர் இருந்தது.

"வண்டிய எடுங்க" என்றாள்.

பஞ்சர் கடைக்காரன் தன் கடையிலிருந்த பெரிய டார்ச்சைக் கொண்டுவந்து, மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி உட்கார்ந்த அவள் மடியில் வைத்தான். "நானும் வரவா அண்ணே?"

"நீ இங்கயே இரு. அவன் போன் பண்ணா எடு."

மோட்டார் சைக்கிள் மண்பாதையில் ஏறியது. முதல் மூன்று வளைவுகளில் சேறு மட்டும்தான். நாலாவதில் மேகம் வந்து முகத்தில் ஒட்டியது. வயரிங்காரர் விளக்கைத் தாழ்த்தினார். சக்கரத்துக்கு முன்னால் இரண்டு முழம் தரை தெரிந்தது. இடதுபக்கம் பாறை, வலதுபக்கம் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாத பக்கத்திலிருந்து தண்ணீர் எங்கோ ஆழத்தில் ஓடும் சத்தம் வந்தது. அவள் அவருடைய சட்டையைப் பின்னால் இருந்து பிடித்திருந்தாள். பிளேயரின் முனை அவர் விலாவில் குத்தியது. அவர் சொல்லவில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றாள் அவர் காதருகே.

"போட்டது நான்."

"நீங்க வேண்டாம்னீங்க."

"வேண்டாம்னுட்டு போட்டேன். பேசாம வா."

ஐந்தாவது வளைவில் அவர் வண்டியை நிறுத்தினார். இன்ஜினையும் அணைத்தார். மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. மறுபடி கேட்டது.

"பாறைய ஒட்டியே வா... ஒட்டியே வா... இன்னும்..."

அவள் டார்ச்சைத் தூக்கி ஆட்டினாள். மேகத்துக்குள்ளிருந்து முதலில் ஒரு மனிதர் வந்தார். மதகில் வேலை பார்ப்பவர். பனியனோடு இருந்தார், கையில் போன் விளக்கு. பின்னோக்கி நடந்துகொண்டே தரையைக் காட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால், நடை வேகத்தில், தாழ்ந்த மஞ்சளாக இரண்டு முன்விளக்குகள் வந்தன. அதற்கு மேலே, கூரைச் சட்டத்தில், கறுப்பாக ஏதோ கட்டப்பட்டிருந்தது. ரப்பர் தீய்ந்த நாற்றம் அடித்தது.

ஜீப் நின்றது. சின்னவன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் மேலே சட்டை இல்லை.

அக்கா அவனிடம் போகவில்லை. நேராகப் பானெட்டைத் திறந்தாள். எதை வெட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ரிலேக்கு வரும் மெல்லிய நீல வயரைப் பிடித்து வெட்டினாள். கூரையில் கட்டியிருந்ததன் ஓரங்களில் கசிந்துகொண்டிருந்த வெள்ளைக் கோடு அணைந்தது. முன்விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன.

அதன் பிறகுதான் அவள் அவன் பக்கம் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடா கட்டின மேல?"

"ரெண்டு மழைக்கோட்டு. பத்தல. சட்டையையும் கழட்டிக் கட்டினோம்." அவன் பற்கள் அடித்துக்கொண்டன. "ஒண்ணுமே தெரியலக்கா. பால்ல முக்கின மாதிரி. அணைச்சா அதைவிட மோசம். ஏழுல முன்சக்கரம் ஓரக் கல்லுல முட்டுச்சு. முட்டினதுக்கப்புறம்தான் ஓரத்துல இருக்கேன்னே தெரிஞ்சுது."

மதகுக்காரர் சொன்னார்: "நான் இறங்கிக் கால வச்சேன் பாருங்க. ஒரு காலுக்குத் தரை இருந்துச்சு. இன்னொரு காலுக்கு இல்ல." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. ஜீப்பின் பின்சீட்டில் இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா" என்றான் சின்னவன். "கை தானா டேஷ்போர்டுக்குப் போச்சு மாமா. இல்லன்னு தெரியும். தெரிஞ்சும் தடவிக்கிட்டே இருந்தேன்."

வயரிங்காரர் அவன் தோளில் கை வைத்தார். தோல் சில்லென்று இருந்தது. தன் சட்டையைக் கழற்றி அவனுக்குக் கொடுத்தார்.

சட்டையில் ஒரு கையை விட்டவன் பாதியில் நிறுத்தினான். "மீசை மறக்கல" என்றான். "அன்னிக்கும் மேகம் இறங்கியிருக்கும். ஆளுங்க ஏறி வர்றதுக்குள்ள கலைஞ்சிருக்கும். அவரு வேணும்னுதான் அணைச்சிருக்காரு. சரியாத்தான் செஞ்சிருக்காரு, மாமா. அப்படியும் தப்பல."

பிறகு மதகுக்காரர் போனைத் தூக்கிப் பிடித்து முன்னால் நடந்தார். ஜீப் அவருக்குப் பின்னால் நகர்ந்தது. அக்கா ஜீப்பில் ஏறவில்லை. டார்ச்சோடு பள்ளத்து விளிம்பை ஒட்டி நடந்து வந்தாள். வயரிங்காரர் உள்பக்கம் வரச் சொன்னார். அவள் வரவில்லை. மூன்றாவது வளைவில் மேகம் முடிந்தது. அடிவாரத்தின் விளக்குகள் தெரிந்தன.

மறுநாள் காலை வயரிங்காரர் கூரைச் சட்டத்திலிருந்து மழைக்கோட்டுகளைப் பிய்த்து எடுத்தார். பட்டையின் கண்ணாடியில் ரப்பர் உருகி ஒட்டியிருந்தது. டேஷ்போர்டில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், கை இயல்பாகப் போகும் இடத்தைச் சின்னவனைத் தொடச் சொல்லி, அங்கேயே துளை போட்டுச் சுவிட்ச் வைத்தார். ஃபியூஸைப் பானெட்டுக்குள் மேலே கொண்டுவந்தார். பம்பருக்குக் கீழே இரண்டு மஞ்சள் விளக்குகளைப் பொருத்தினார். அவற்றுக்கும் தனிச் சுவிட்ச் வைத்தார்.

அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் மீசையின் வீட்டுக்குப் போனாள். மீசையின் மனைவி முற்றத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் தான் பேசியது தவறு என்றும், விளக்கைப் போட அவர் மறக்கவில்லை, தெரிந்தே அணைத்தார் என்றும், ஏன் அணைத்தார் என்றும் அவள் சொன்னாள். மீசையின் மனைவி துவைப்பதை நிறுத்திக் கேட்டாள்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றாள். பிறகு அடுத்த துணியை எடுத்தாள்.

மாலை நாலு மணிக்கு ஜீப் மேலணைக்குக் கிளம்பியது. அன்று மேகம் இல்லை. எட்டு மணிக்கு முன்பே திரும்பிவிட்டது.